பதினேழாம் இலக்கத் துண்டு

1987 மார்ச்சில், கணேசலிங்கம் இறந்து ஏழு கிழமைகள் கழித்து, அவருடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. லண்டன் நோர்பரியில் ரயில் பாதையோரம் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் மரக்கறித் தோட்டத்தில் பதினேழாம் இலக்கத் துண்டு காலியாகியிருக்கிறது, வேண்டுமானால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கவும் என்று அதில் இருந்தது.

கமலாம்பிகை அதை இரண்டு தடவை வாசித்தார். கணவர் இப்படி ஒன்றுக்கு விண்ணப்பித்ததே அவருக்குத் தெரியாது. கணேசலிங்கம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் வேலை செய்தவர். ஜனவரியில் பனி கொட்டிய கிழமையில் பஸ் ஓடவில்லை. வேலை முடிந்து நடந்து வந்தவர், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி விழுந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்தொன்று.

“சும்மா ஃபோன் பண்ணி வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அம்மா” என்றாள் மகள் நீலவேணி. அவளுக்கு அந்த வருடம் ஏ லெவல் சோதனை.

“ஃபோனில அவையள் கதைக்கிறது எனக்கு விளங்காது. நேர போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

தோட்டத்தின் செயலாளர் மிஸ்டர் பாட்லெற், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கமலாம்பிகை கடிதத்தை நீட்டி, கணவர் இறந்துவிட்டார், இது தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பாட்லெற் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு அவரைத் தெரியும். நாலைந்து தடவை காலையில் வந்திருக்கிறார். அந்த மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.”

“இங்கேயா?”

“ஆமாம். வேலை முடிந்து வருகிறேன் என்பார்.”

கமலாம்பிகைக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த மனிதர், நாலைந்து தடவை வந்து நின்று பார்த்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார். அந்தக் கோபத்திலேயே, துண்டை எடுத்துக்கொள்வதாகத் தாளில் கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் தாயை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“உங்களுக்கு மண் கொத்தத் தெரியுமோ அம்மா?”

“தெரியாது.”

உண்மைதான். கமலாம்பிகை யாழ்ப்பாணப் பட்டினத்தில் வளர்ந்து அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவர். அங்கே வீட்டுக்குத் தேவையான மரக்கறி சந்தையிலிருந்து வந்தது. லண்டனில் ஸ்ட்ரெதம் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறும் வேலை. மண்வெட்டியை அவர் முதன்முதலாகப் பிடித்தது நாற்பத்தாறாவது வயதில், அதுவும் கையுறை போட்டு.

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் நல்ல வெயில் எறித்தது. அதை நம்பி, ஜன்னலோரம் முளைக்கவைத்த இருபது மிளகாய்க் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டார். மே இரண்டாம் கிழமை ஒரு காலை போய்ப் பார்த்தால் இருபதும் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துச் சுருண்டு கிடந்தன. இரவு உறைபனி விழுந்திருந்தது. ஜூனில் மழை விடவில்லை. வெண்டி விதை மண்ணுக்குள்ளேயே அழுகியது. முளைத்த போஞ்சியை நத்தைகள் தின்று தீர்த்தன. ஒரே நாளில் காலையில் கோட்டும் மத்தியானம் வியர்வையும் பின்னேரம் ஆலங்கட்டியும் என்று வரும் வானத்தை வைத்துக்கொண்டு எதை எப்போது நடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த வருடம் வீட்டுக்கு வந்தது ஒரு வாளி உருளைக்கிழங்கு மட்டும்.

“போதும் அம்மா, விட்டுடுங்கோ” என்றாள் நீலவேணி.

ஒக்டோபரில் பெரும் புயல் அடித்தது. சனிக்கிழமை காலை கமலாம்பிகை தோட்டத்துக்குப் போனபோது நுழைவாயிலுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் வேரோடு கிடந்தது. அவருடைய துண்டில் சேதப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்துத் துண்டில் பாட்லெற் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடு நொறுங்கி, அவருடைய லீக்ஸ் பாத்திகளெல்லாம் கண்ணாடித் தூள். கிழவர் ஒரு கதிரையைப் போட்டு அதைப் பார்த்தபடி இருந்தார்.

கமலாம்பிகை வாளியை எடுத்து வந்து குந்தியிருந்து கண்ணாடி பொறுக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் பாட்லெற்றும் எழுந்து வந்தார். சனியும் ஞாயிறும் இருவரும் மண்ணை விரலால் அளைந்து அளைந்து பொறுக்கினார்கள். முடிவில் உடையாமல் தப்பிய எட்டுக் கண்ணாடிகளைப் பாட்லெற் கமலாம்பிகையின் பாத்தியோரம் கொண்டுவந்து சாய்த்தார்.

“நான் திரும்பக் கட்டப் போவதில்லை. உங்கள் விதைகளுக்கு இதுதான் தேவை. குளிர் தெரியாமல் மூடி வையுங்கள்.”

அடுத்த ஜூனில் அந்தக் கண்ணாடிகளின் கீழ் கமலாம்பிகை முளைக்கீரை விதைத்தார். விதை ரூட்டிங் தமிழ்க்கடையில் வாங்கியது. ஆறு வரிசைகள். ஜூலையில் கண்ணாடியைத் தூக்கியபோது கீரை சாண் உயரம் நின்றது. ஓகஸ்டில் முழங்கால் உயரம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் தினமும் போய்ப் பார்த்தார். முதல் தரம் பிடுங்கிக் கொண்டுவந்து சுண்டிய அன்று நீலவேணி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

அந்தக் கிழமையே தோட்டக் குழுவின் கடிதம் வந்தது. பதினேழாம் இலக்கத் துண்டு பராமரிப்பின்றிக் களை மண்டிக் கிடக்கிறது, மாத முடிவுக்குள் துப்புரவாக்காவிட்டால் திருப்பி எடுக்கப்படும் என்று. கையெழுத்து குழுத் தலைவி மிஸஸ் ஹொலிஸினுடையது. பாட்லெற் அப்போது கென்ற்றில் தங்கை வீட்டில் இருந்தார்.

“களையோ?” கமலாம்பிகை கடிதத்தை மகளிடம் கொடுத்தார். “வடிவா வாசி. கீரையைத்தான் சொல்லினமோ?”

“இஞ்ச இது களைதான் அம்மா. பயோலஜி புத்தகத்தில படம் பார்த்திருக்கிறன்.”

குழுக்கூட்டம் வியாழன் பின்னேரம் தேவாலய மண்டபத்தில். கமலாம்பிகை பள்ளிக்கூடத்துக்குப் போடும் கோட்டைப் போட்டு, இரண்டு பிடி கீரையோடு போனார். ஒன்று தோட்டத்தில் பிடுங்கியது, மற்றது கடையில் வாங்கியது. பாட்லெற்றும் அன்று திரும்பி வந்திருந்தார். எட்டுப் பேருக்கு முன்னால் கமலாம்பிகை எழுந்து இரண்டு பிடியையும் தூக்கிக் காட்டினார்.

“இது கடையில் விற்பது. இது நான் வளர்த்தது. இரண்டும் ஒன்று” என்றார்.

மிஸஸ் ஹொலிஸ் இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாங்கள் இதைப் பிடுங்கி எரிக்கிறோம்.”

“நான் கயிறு கட்டி வரிசையாக விதைத்தேன். களைக்கு யாராவது கயிறு கட்டுவார்களா?”

பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். பாட்லெற் எழுந்தார். “இன்று காலை பார்த்தேன். அவருடைய வரிசை என்னுடையதைவிட நேராக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மிஸஸ் ஹொலிஸ் கெட்டவர் இல்லை. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று எல்லோர் முன்னும் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: கீரையைப் பூக்க விடக்கூடாது, விதை பறந்தால் மற்றவர்களுடைய பாத்திகள் கெடும். அது நியாயம் என்று கமலாம்பிகைக்கும் பட்டது. தலையாட்டினார். கடையில் வாங்கிய பிடியை மிஸஸ் ஹொலிஸ் எப்படிச் சமைப்பது என்று கேட்டுக்கொண்டு கொண்டுபோனார்.

1990 கோடையில் மழையே இல்லை. ரப்பர் குழாய் பூட்டித் தண்ணீர் விடக்கூடாது என்று தடை வந்தது. எல்லோரும் தொட்டியில் வாளி வைத்து அள்ளித்தான் ஊற்றினார்கள். பாட்லெற்றுக்கு இடுப்பு வலி. அவருடைய போஞ்சிக்கும் கமலாம்பிகையே சுமந்தார். ஒரு காலை தொட்டியடியில் தங்கள் முறைக்குக் காத்து நின்றபோது, மூன்று வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டார்.

“என் கணவர் இங்கே வந்தபோது என்ன சொல்வார்?”

பாட்லெற் யோசித்தார். “காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார். அப்புறம், உங்களுக்குக் கடை மரக்கறி பிடிக்கவில்லை, எல்லாம் வைக்கோல் மாதிரி இருக்கிறது என்கிறீர்கள் என்று சொன்னார். துண்டு கிடைப்பது நிச்சயமில்லை, கிடைத்தபிறகு உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தார்.”

லண்டனுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் தான் முணுமுணுத்தது கமலாம்பிகைக்கு ஞாபகம் வந்தது. அப்படிச் சொன்னதையே கமலாம்பிகை மறந்திருந்தார். கணேசலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

முறை வந்தது. வாளியைத் தொட்டிக்குள் அமிழ்த்தி நிரப்பினார். பாட்லெற் வேறு பக்கம் திரும்பிப் போஞ்சிக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கமலாம்பிகை முகத்தையும் கழுவிக்கொண்டு வாளியைத் தூக்கினார். அதன் பிறகு கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து இருந்துகொண்டது. அதற்கு அவர் பெயர் தேடவில்லை.

நீலவேணி படித்து முடித்து, கலியாணம் செய்து, ஹரோவுக்குப் போனாள். 1995இல் கடும் வெயில் எறித்தபோது பதினேழாம் இலக்கத்தில் முதல் தடவையாக வெண்டி காய்த்தது. கமலாம்பிகை ஒரு பை நிறைய ரயிலில் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தார். அடுத்த இரண்டு வருடமும் வெண்டி காய்க்கவில்லை.

1998 கோடை முழுவதும் ஈரம். தக்காளி சிவக்கும் சமயத்தில் கருகல் நோய் பிடித்து மூன்று நாளில் எல்லாம் அழுகியது. கமலாம்பிகை முப்பது செடியையும் பிடுங்கி எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, மகள் ஃபோன் பண்ணினாள்.

“எல்லாம் போயிட்டுதோ அம்மா?”

“தக்காளி முழுக்கப் போயிட்டுது. லீக்ஸ் நிக்குது.”

“உங்களுக்கு அம்பத்தேழு வயசு. முழங்காலும் ஏலாது. ஏன் இன்னும் இந்தப் பாடு?”

கமலாம்பிகை ஜன்னல் திரையை விலக்கி வெளியே மழை தூறுவதைப் பார்த்தார்.

“மத்தியானத்துக்குப் பிறகு வெளிக்குமாம் பிள்ளை. ரேடியோவில சொன்னவங்கள். முட்டைக்கோவா கன்று கொஞ்சம் கிடக்கு, நட்டுப்போட்டு வந்து ஃபோன் பண்ணுறன்” என்று சொல்லி ஃபோனை வைத்தார்.