செத்துப்போன கதாநாயகனுக்காகக் காத்திருந்த சனிக்கிழமை

அமெரிக்காவின் சான் ஹோசேத் தமிழர்களின் சனிக்கிழமைத் திரைப்படக் கூடுகையைத் தொடங்கியவர் வேலுமணி என்று சங்கத்தின் ஆண்டுமலர் அச்சிட்டிருக்கிறது. திருத்தம் கோரி நான் அனுப்பிய கடிதங்களை மலர்க்குழு வெளியிடவில்லை. நகல்கள் என்னிடம் உள்ளன. தொடங்கியவர் தாராபுரத்து நஞ்சப்பன். அவரைப் பற்றி யாரும் எழுதாத காரணத்தால் நான் எழுதுகிறேன்.

நஞ்சப்பனும் நானும் மின்சுற்றுப் பலகை தயாரிக்கும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவருடைய மனைவி எழிலரசி ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. ஆகவே 1996இல் நஞ்சப்பனுக்கு இங்கே இருந்த குடும்பம் என்பது ஓர் அபார்ட்மென்ட், ஒரு பழைய டிவி, ஒரு விசிஆர், சனிக்கிழமை மதியம் வந்து சேரும் நாங்கள். வாசலில் செருப்புகள் குவிந்த பிறகுதான் அவர் முகம் தெளியும். ஜன்னல் வெயில் திரையில் விழாமலிருக்கப் போர்வையைத் துணி கிளிப்புகளால் மாட்டிவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்த நாற்காலிக்குக் காரணம் உண்டு. இந்தியக் கடையிலிருந்த தமிழ்க் கேசட்டுகளையெல்லாம் நாங்கள் பார்த்து முடித்திருந்தோம். எங்களோடு வேலை பார்த்த ஹாங்காங்காரரான லாவ், கான்டனீஸ் மொழி ரவுடிப் படங்களைக் கொடுத்து உதவினார். கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்து, நஞ்சப்பன் எல்லாப் பாத்திரங்களுக்கும் தமிழில் குரல் கொடுப்பார். போலீஸ்காரர்கள் சென்னைத் தமிழ் பேசுவார்கள். ரவுடிகள் கொங்குத் தமிழ். "ஏனுங் மாப்ள, அந்தத் துப்பாக்கியக் கொஞ்சம் கீழ வெச்சுப்போடுங்க" என்று மரியாதையாக மிரட்டும் ரவுடியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அவ்வாண்டுக் கோடையில், எங்களோடு படம் பார்க்க வந்துகொண்டிருந்த வேலுமணி பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கினார். பெரிய திரையும் அறையைச் சுற்றி ஸ்பீக்கர்களும் வந்தன.

"இனிமே நம்ம வீட்டுக்கே ஷிஃப்ட் பண்ணிடலாம் நஞ்சப்பன். ஏன் எல்லாரும் தரையில உக்காந்து கஷ்டப்படணும்?" என்றார்.

நஞ்சப்பன் தம் பழைய டிவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அடுத்த வாரம் ஒரு படம் போடறனுங்க. லாவோட தம்பி ஹீரோவா நடிச்சது. அது புடிக்கலைன்னா உங்க வீட்டுக்கே வந்தர்றோம்" என்றார். தம்பி நடித்திருக்கிறான் என்று மட்டுமே லாவ் சொல்லியிருந்தார். கதாநாயகனாக என்பதை நஞ்சப்பன் தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நிற்க இடமில்லை. ஆறு மாத விசாவில் வந்திருந்த வேலுமணியின் தந்தை சேனாபதி முன்வரிசையில் சம்மணமிட்டிருந்தார். படம் தொடங்கியது. மழைநீரில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் வெள்ளை ஷூ, அடுத்து காற்றில் பறக்கும் கோட்டு, பிறகுதான் முகம். லாவின் ஜாடை அப்படியே இருந்தது. இதற்கு மேல் எங்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? விசில் பறந்தது. கடை விளம்பரத்தாள்களைக் கிழித்து ஆயத்தமாக வைத்திருந்த சேனாபதி அவற்றைத் திரைமீது வீசினார்.

காரிலிருந்து இறங்கி ஒரு நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்த அவனை, அங்கேயிருந்தவர்கள் சுட்டுத் தள்ளினார்கள்.

யாரும் கலங்கவில்லை. "சும்மா நடிக்கறாப்ல" என்றார் சேனாபதி.

"புல்லட்ப்ரூஃப் போட்டிருப்பான் அங்கிள்" என்றார் மயில்சாமி என்ற நண்பர்.

அவனை எரித்தார்கள். அது வேறு யாருடைய உடலாகவோ இருக்கும் என்று நானே சொன்னேன். அதன் பிறகு இரண்டு கிழட்டு ரவுடிகள், துறைமுகக் குத்தகையைப் பற்றி ஹோட்டல் ஹோட்டலாக உட்கார்ந்து பேசினார்கள். வெள்ளை மேசை விரிப்பின் மேல் வெள்ளை எழுத்துகள் ஓடியதால் நஞ்சப்பனால் படிக்க இயலவில்லை. செத்தவனின் இரட்டைப் பிறவித் தம்பி ஊரிலிருந்து வந்துகொண்டிருப்பதாக அவராகவே வசனம் சேர்த்து எங்களைத் தாங்கிப் பிடித்தார். யாரும் வரவில்லை. ஒரு படகு கரையை விட்டுப் புறப்பட்டது, பெயர்கள் ஓடின.

"இண்டர்வெல்லுங்களா?" என்றார் சேனாபதி.

"முடிஞ்சுபோச்சுங்க" என்றார் நஞ்சப்பன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேலுமணி கேலி செய்யவில்லை. "அப்ப அடுத்த வாரம் நம்ம வீட்ல" என்று மட்டும் சொன்னார்.

"சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று சொல்லிவிட்டு, நஞ்சப்பன் குனிந்து தரையிலிருந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை மதிய உணவு மேசையில் லாவ் ஆவலோடு கேட்டார், தம்பியைப் பார்த்தீர்களா என்று. கடைசிக் காட்சி வரைக்கும் உங்கள் தம்பி திரும்பி வருவார் என்று அத்தனை பேரும் காத்திருந்தோம் என்றார் நஞ்சப்பன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. லாவ் மெதுவாகச் சிரித்தார். அவனும் காத்திருந்தான், அதற்குப் பிறகு அவனை நடிக்க ஒருவரும் கூப்பிடவில்லை, இப்போது டாக்ஸி ஓட்டுகிறான் என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டில் வேறொரு கான்டனீஸ் படம் ஓடியது. துப்பாக்கிச் சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. எல்லோருக்கும் சோபா இருந்தது. நஞ்சப்பன் சாப்பாட்டு மேசை நாற்காலியொன்றில் கடைசியில் அமர்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. அது அவருடைய வீடு அல்ல.

"அவன் என்னடா சொல்றான்?" என்றார் சேனாபதி.

"கீழ இங்கிலீஷ்ல வருதே, பாக்கலியாப்பா?" என்றார் வேலுமணி.

"அதப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா உன்னியக் கேக்கறேன்?"

அறையில் யாரோ அடக்கிச் சிரித்தார்கள். சற்று நேரம் துப்பாக்கிகள் மட்டும் பேசின. பிறகு பின்னாலிருந்து மிகத் தணிந்த குரலில், "பெரியவர் கோவமா இருக்கறாருங்க. பங்காளி காட்டிக் குடுத்துட்டானாம்" என்று கேட்டது. அனைவரும் திரும்பினோம். நஞ்சப்பன் உடனே நிறுத்திக்கொண்டார்.

வேலுமணி ரிமோட்டை எடுத்தார். அந்தப் புதிய ஸ்பீக்கர்களின் ஒலியை, துப்பாக்கிச் சத்தம் பட்டாசு போலக் கேட்கும் அளவுக்குக் குறைத்தார்.

"அங்கிருந்து சொன்னா அப்பாவுக்குக் கேக்காது. முன்னாடி வாங்க நஞ்சப்பன்" என்றார்.

நஞ்சப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சோபாக்களுக்கு இடையே நடந்து வந்தார்.