தத்துப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே, ஆளுக்குச் சில குடும்பங்களைத் தத்தெடுக்கச் சொன்னார்கள். அவ்வப்போது அந்த வீடுகளுக்குப் போய் உடல்நலம் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் 'தத்து' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

தக்கலைப் பக்கத்து ஊரில் எனக்குக் கிடைத்த ஒரு குடும்பத்தில் ஒரே ஆள். பெட்டிக்கடைக்காரி, வயது ஐம்பத்தெட்டு, மகன் துபாயில். "உங்களத் தத்தெடுத்திருக்கேன்" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பம் நீ எனக்கு அம்மையா?"

எனக்கு வயது பத்தொன்பது. அன்று முதல் அந்தத் தெருவுக்கே நான் அவருடைய அம்மை. "ஏக்கா, ஒனக்க அம்மை வந்தாச்சு" என்று எதிர்வீட்டுக்காரி கூவுவாள். சர்க்கரை மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால், "அடிக்காத அம்மா, இன்னா போடுகேன்" என்பார். ஆனால் கடையில் ஒரு மட்டி வாழைப்பழம் பிய்த்தால் மட்டும் காசுக்குக் கை நீளும்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற, கேட்டியா?"

எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட அவருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அது அதைவிட எரிச்சல்.

ஒருநாள் போனபோது அவருடைய கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. வலியே இல்லையாம். சர்க்கரைக்காரருக்கு வலிக்காத புண்தான் பயம்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லேன்னா காலே போயிரும்!" என்று கத்தினேன்.

"பிள்ளைய அம்மைதான கூட்டிட்டுப் போவணும்?"

மத்தியானம் எனக்கு வகுப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு அவரோடு நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன். வார்டில் சிஸ்டர், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். "எனக்க அம்மை" என்று பதில் வந்தது. சிஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் ஒரு எண்பது வயதுக் கிழவியைத் தேடினார்.

அதற்குள் தோழி போனில் அழைத்து, எனக்கு ஆப்சென்ட் போட்டாயிற்று என்றாள். அன்றைய பாடம், 'மருத்துவரின் சமூகப் பொறுப்பு'.

விரலை எடுத்தால்தான் கால் தப்பும் என்றார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை அவரைப் படுக்கவைத்த தள்ளுவண்டியோடு நடந்தேன். கதவு திறந்ததும் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, எங்கயும் போயிராத."

குரலில் கேலி இல்லை.

"போவமாட்டேன் மக்ளே" என்றேன்.