ஐஸ்பெட்டிக்கு இடம்விட்ட தையற்காரர்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊரில் தையற்காரர் சிரியாக்கோவின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்கியவர் யாரும் இல்லை. கோட்டுக்கு அளவெடுக்கும்போதே தொந்தியைக் கிண்டல் செய்கிறவர். யுத்தம் முடிந்த மறுவருஷம், மணிலாவில் தம்பி கல்யாணத்துக்குப் போக விமான டிக்கெட் வாங்கினார்.

பட்டாளம் கழித்துவிட்ட பழைய டகோட்டா விமானம். பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். சிரித்துக்கொண்டே மாம்பழ வற்றல் கொடுத்தாள். அவர் அதை மெல்லும்போது விமானக் கம்பெனி மேனேஜர் உபால்டோ வந்து அவரை இறக்கிவிட்டான். முதலாளி டோன் ஹெனாரோவின் ஐஸ்பெட்டியை மணிலாவுக்கு ரிப்பேருக்கு அனுப்ப வேண்டுமாம். நாலு பேர் திணறித் திணறி அதை ஏற்றினார்கள்.

"பதவிசா ஏத்துங்கய்யா. பெரிய எடத்துப் பொருள். ஜன்னலோரமா உக்கார வையுங்க" என்றார் சிரியாக்கோ.

விமானம் ஓடியது. ஓடுபாதை முடியும்வரை ஓடியது. அரைமனதாக எழும்பி, தென்னைகளில் மோதி, உப்பளத்தில் விழுந்து எரிந்தது. காப்பாற்ற ஓடியவர்களில் சிரியாக்கோவும் ஒருவர். அனலில் கிட்டே நெருங்க முடியவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை.

மறுநாள் அவரைத் தொட்டுக் கும்பிட வீட்டில் கூட்டம். பாதிரியாரும் வந்து, மாதா செய்த அற்புதம் என்றார்.

"அப்ப அந்த டீச்சரம்மா மேல மாதாவுக்கு என்ன கோவம், சாமி?"

பாதிரியார் எழுந்து போனார்.

அடுத்து உபால்டோ, ஒரு முழுப் பன்றித்தொடையோடு. "விசாரணையில, வயித்துவலின்னு நீங்களே எறங்கினதா சொல்லிடுங்கண்ணே. ஐஸ்பெட்டிப் பேச்சு வேணாம். பைலட் மேல போட்டுரலாம். அவன்தான் செத்துட்டானே."

"வயித்துவலி உன்னப் பாத்தப்புறம்தான் வருது."

"கறிய மட்டும் வச்சுட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி சலூத்.

"கெடாம வைக்க ஐஸ்பெட்டி வேணும்டி. நம்மகிட்ட ஏது?"

விசாரணையில் அவர் பார்த்ததை அப்படியே சொன்னார். கம்பெனி வக்கீல் கேட்டார்: "அந்த ஐஸ்பெட்டியோட எடை உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தூக்கினவங்க முதுகைக் கேளுங்க."

சபை சிரித்தது. தீர்ப்பு மட்டும் பைலட் தவறு என்று வந்தது. கம்பெனி வேறு பெயர் எழுதி, வேறு சாயம் அடித்து மற்ற விமானங்களை ஓட்டியது. டோன் ஹெனாரோ வீட்டுத் தையல் வேலை நின்றது. மாதா காப்பாற்றியும் நன்றிகெட்டவன் என்று ஊர் பேசியது.

சிரியாக்கோ அதன்பிறகு கப்பலில்தான் போனார். விமான இரைச்சல் கேட்டால் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். அது மேலே ஏறி மறையும்வரை அசையாமல் பார்ப்பார். பிறகு கம்பெனியின் புதுப் பெயரைச் சொல்லித் துப்பிவிட்டு உள்ளே போவார்.