கருவேல மரத்தடித் தண்ணீர்

திருவாரூர் பக்கம், டவுனை ஒட்டியிருந்த ஓர் ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த வருஷம் எனக்கு அங்கே வனத்துறை வாட்சர் வேலை கிடைத்தது. முதல் நாளே ரேஞ்சர் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்.

"ஏரிக்குள்ள அஞ்சலைன்னு ஒரு அம்மா நெல்லு நட்டிருக்கு. ஆக்கிரமிப்பு. வரப்ப வெட்டித் தண்ணிய வடிச்சுவிட்டுட்டு வாய்யா."

போனேன். நெல் பால் பிடித்திருந்தது. வயலுக்குள் நின்ற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்ததால் மிராசுதார் வயலில் வேலை இல்லாமல் போனவர் அஞ்சலை. அந்த அரை மா நிலம்தான் அவருக்குச் சோறு. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"நெல்லு போனா போவுது தம்பி. தண்ணி வடிஞ்சா மரத்தடிக்கு நாயும் நரியும் வந்துடும். குஞ்சுக்கு இன்னும் ரெக்கை முளைக்கல. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க" என்றார்.

வெட்டாமல் திரும்பினேன். ரேஞ்சர் திட்டினார். காரணத்தைச் சொன்னதும் என்னோடு கிளம்பி வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று வெகுநேரம் மேலே பார்த்தார்.

"அறுப்பு வரைக்கும் இருக்கட்டும். அடுத்த வருஷம் நடக்கூடாதும்மா."

"நடமாட்டேங்க."

தை மாதம் குஞ்சுகள் பறந்துவிட்டன. அறுப்பு முடிந்து நான் போனபோது அஞ்சலை மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "நீங்க வெட்டுனா உங்களுக்குத்தான் மனசு சங்கடப்படும்" என்று தன் வரப்பைத் தானே வெட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு வேலை கேட்டு ரேஞ்சர் இரண்டு முறை மேலே எழுதினார். பதில் வரவில்லை. அஞ்சலை வெளியூர்களுக்கு நடவுக்குப் போனார்.

அடுத்த மார்கழியில் பார்வையாளர்களை உள்ளே விட்டோம். ஒருநாள் வேலை முடித்து, காலில் காயாத சேற்றோடு அஞ்சலையும் வந்தார். வாட்ச் டவரில் ஏற்றி என் பைனாகுலரைக் கொடுத்தேன்.

"இத்தன வருஷமும் கீழேருந்து அதுங்க வயித்தத்தான் பாத்திருக்கேன்" என்றார். "ஒவ்வொரு கூட்டுலயும் மூணு, நாலு குஞ்சு இருக்கே தம்பி."

இருட்டும்வரை அவர் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை.

பிறகு எத்தனையோ டிரெயினிங் போனேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஏரிக்குள் கால் வைக்கும் முன், உங்களுக்கு முன்னால் அங்கே காவல் இருந்தவர் யார் என்று விசாரியுங்கள்.