போளூருக்குப் போன மயில்

என் மனைவிக்குக் கைவேலை நன்றாக வரும் என்று பெண் பார்க்கப் போன அன்றே சொன்னார்கள். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் புத்தி அப்போது எனக்கு இல்லை. பஜ்ஜியில் கவனமாக இருந்துவிட்டேன்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே டிவிக்கு உறை வந்தது. உறையின் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் பாசிமணியில் கோத்த கிளி ஜோடி. ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்கு உல்லன் நூலில் ஒரு சட்டை. பிறகு ஐஸ் குச்சியில் வீடு கட்ட ஆரம்பித்தாள். நான் பள்ளிக்கூட ஆசிரியன். வாசலில் ஐஸ் தின்னும் பையன்களின் வாயையே பார்த்துக்கொண்டு, எப்போது குச்சியைப் போடுவார்கள் என்று காத்து நின்ற ஆசிரியர் எங்கள் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. வீட்டு விசேஷங்கள்தான் ஆளைக் கொல்லும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் என் தம்பிக்குக் கல்யாணம். அதற்கு இவள் இரண்டு தேங்காய்களைப் பெண்ணும் மாப்பிள்ளையுமாக அலங்கரித்தாள். பெண் தேங்காய்க்கு நெற்றிச்சுட்டி, மாப்பிள்ளைத் தேங்காய்க்குத் தலைப்பாகை, மீசை. மீசை மட்டும் என் தம்பியுடையதைவிட நன்றாக வந்திருந்தது. ஒரு மாதம் கழித்து வீடியோ கேசட் வந்தது. குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. நான் இலையில் பாயசத்தை வழிப்பதை வீடியோகாரர் மிக நிதானமாக எடுத்திருந்தார். சமையல்காரர் வந்தார், யாருடையதென்றே தெரியாத ஒரு குழந்தை வந்தது, கடைசியில் பூத்தூவி ‘நன்றி’யும் வந்தது. தேங்காய் வரவில்லை.

“அதனால என்ன? அத்தனை பேர் நேர்ல பார்த்தாங்களே” என்றேன்.

“அவங்க பார்த்தாங்க, சாப்ட்டாங்க, போய்ட்டாங்க. கேசட்டுதாங்க இருக்குது” என்றாள்.



அடுத்த வருடம் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தங்கையைப் போளூரில் கொடுத்திருந்தோம். நான் தாய்மாமன். பையனை மடியில் வைத்துக்கொள்வதும் சீர்வரிசைத் தட்டுகளோடு போய் இறங்குவதும் என் பொறுப்பு. தட்டுகளில் முதலாவது, தங்கைக்கு நாங்கள் வைக்கும் பட்டுப்புடவை. பட்டுக்குப் பேர்போன ஆரணியிலிருந்து போகிறவன் புடவையில் குறை வைக்க முடியாது. மயில் கழுத்து நிறம், அகலமான ஜரிகைக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை என்று எடுத்தாயிற்று. மடித்துத் தட்டில் வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

“அதை மயிலா மடிக்கப் போறேன்” என்றாள். “அது வீடியோல வரணும். வேற எதுவும் எனக்கு வேணாம்.”

புடவையின் உள்பக்கத் துணி உடம்பானது. கம்பியில் சுற்றிய துணி கழுத்தானது. முந்தானை முழுவதும் விசிறி மடிப்பாகித் தோகையானது. தலைக்குத் தெர்மக்கோல் உருண்டை, கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு. நான் குண்டூசி டப்பாவோடு பக்கத்தில் நின்றேன். ஆப்பரேஷன் தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுப்பவருக்குக்கூட நடுவில் காபி கிடைக்கும். சும்மா சொல்லக் கூடாது, முடித்து நிமிர்த்தியபோது அது மயிலாகவே இருந்தது. நானே ஒரு நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். திறந்த வாயில் ஒரு குண்டூசியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் பட்டுப்புடவையைப் பார்த்தால் கலர் நன்றாக இருக்கிறது என்பார்கள். எங்கள் ஊரில் திருப்பிப் பார்ப்பார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தை நிமிண்டிப் பார்ப்பார்கள், ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். கோயில் வரிசையில் முன்பின் தெரியாத அம்மாளின் முந்தானையைத் திருப்பிவிட்டு, “எந்தத் தறியில போட்டதுங்க?” என்று கேட்பவர்கள் நாங்கள். அதற்கு அந்த அம்மாளும் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்வாள்.

வேனிலேயே தொல்லை ஆரம்பமாகிவிட்டது. மயில் அவள் மடியில். அதன் கழுத்து என் கையில். உலகத்தில் எத்தனையோ ராஜாக்களின் பவனியைப் பற்றிப் படித்திருக்கிறேன். எதிலும் ஒருவன் பறவையின் கழுத்தைப் பிடித்தபடி, வேகத்தடைக்கெல்லாம் சேர்ந்து எழும்பிக்கொண்டு போனதாக எழுதவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. என் பெரியப்பா. வீட்டில் தறி வைத்திருப்பவர்.

“எந்தத் தறிம்மா இது? முள்ளிப்பட்டு ஊருல நெய்ததா?”

“மாமா, கைய எடுங்க. தோகை கலைஞ்சிடும்.”

“கலைக்கல, சும்மா தொட்டுப் பார்க்கறேன்.”

“போளூர்ல எறங்கி வீடியோ எடுத்தப்புறம் தொடுங்க மாமா. நானே குடுக்கறேன்.”

மண்டபத்தில் மேளம் முழங்க இறங்கினோம். மயிலோடு முதலில் அவள் நடந்தாள். வழியில் நின்றவர்கள் ‘அடேயப்பா’ என்றார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வீடியோகாரர் மட்டும் இல்லை. பக்கத்துச் சேத்துப்பட்டில் வேறொரு விசேஷத்தை முடித்துவிட்டு “வந்துகினே கீறாராம்” என்றார்கள்.

தங்கை ஓடி வந்தாள். “அண்ணி! என்னா அழகாகீது! குடுங்க, ஜல்தியா கட்டிக்கினு வரேன்.”

எங்கள் வழக்கம் அது. தாய்வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் அம்மாக்காரி மணையில் உட்கார வேண்டும். பிறகுதான் பிள்ளைக்குக் காதில் ஊசி. அதாவது இந்த மயிலுக்கு ஆயுள், வீடியோகாரர் வருவதற்கும் நல்ல நேரம் முடிவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான். இப்போது வீடியோகாரர் வருவதற்குள் நல்ல நேரமே முடிந்துவிடும் போலிருந்தது; இடைவெளி தலைகீழாக நின்றது.

“கொஞ்சம் இரும்மா, வீடியோ வரட்டும்” என்றாள் இவள்.

“நேரம் போவுது அண்ணி. எங்க மாமியார் மூஞ்சிய பாருங்க.”

பார்த்தோம். இரண்டாவது முறை பார்க்கத் தோன்றவில்லை.

இவள் மயிலை மேடையோரத்து மேஜையில் வைத்தாள். “அது மேல ஒரு கண்ணு வெச்சிக்கோங்க. நான் வாசல்ல போய் அந்த ஆள பார்த்துக்கினு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன அதே நொடியில் என்னை மணையில் உட்கார்த்தி, புதிதாக மொட்டை போட்ட பையனை மடியில் வைத்தார்கள். தாய்மாமன் உட்கார்ந்தால் காதுகுத்தி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாதாம். பையன் ஆசாரியைப் பார்த்தான். ஆசாரி இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் அலற ஆரம்பித்து, அலறல் போதாமல் என் சட்டைப் பையையும் கடித்தான்.

நான் மயில் மேல் ஒரு கண் வைத்துத்தான் இருந்தேன். கண்ணால் என்ன செய்ய முடியும்?

பெரியப்பா மேஜைக்கு வந்தார். கூட ஊர்க்காரர்கள் மூன்று பேர். முதலில் ஒரு விரல். அப்புறம் ஒரு குண்டூசி. தோகையில் ஒரு மடிப்பு இறங்கியது.

“பெரியப்பா!” என்று கத்தினேன். நாதஸ்வரக்காரர் சரியாக அப்போதுதான் உச்சத்துக்குப் போனார். பெரியப்பா என்னைப் பார்த்துப் பாசமாகக் கையை ஆட்டினார். நானும் வேறு வழியில்லாமல் பையனின் கையைத் தூக்கி ஆட்டினேன்.

வாசலிலிருந்து இவள் திரும்பியபோது புடவை நான்கு பேர் மடியிலும் நீளமாக விரிந்து கிடந்தது. கம்பிக் கழுத்து நாற்காலிக்கு அடியில்.

“நல்ல சரக்கும்மா” என்றார் பெரியப்பா. “கரையும் உடலும் கோர்வை என்னமா சேர்ந்துகீது பாரு. ஒரு எடத்துல பிசிறு இல்ல.”

“மயிலு எங்க மாமா?”

“எந்த மயிலு?”

அவர் வேண்டுமென்றே கேட்கவில்லை. அவர் கண்ணில் மயில் பட்டிருக்கவே இல்லை. என் மனைவி குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்த கம்பிக் கழுத்தை எடுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தங்கை நடுவில் புகுந்து, “தப்பா நெனைக்காதீங்க அண்ணி” என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

அவள் கட்டிக்கொண்டு வந்து உட்காரவும் வீடியோகாரர் மூச்சு வாங்க நுழையவும் சரியாக இருந்தது. லைட் எரிந்தது. ஆசாரி ஊசியைத் தூக்கினார். பையனைப் பிடிக்கத் தங்கை குனிந்தாள். ஊசி காதைத் தொடுமுன்பே, “ஐயோ!” என்று மண்டபம் அதிர ஓர் அலறல். தங்கைதான். கொசுவத்தில் எடுக்க மறந்த ஒரு குண்டூசி அதன் வேலையைச் செய்துவிட்டது. இது தெரியாத மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெத்தவ இல்ல!” என்றார். கேசட்டில் அது இன்றும் உருக்கமாக இருக்கிறது.

பந்தி நடந்தது. இவள் உட்காரவில்லை. நான் கடைசிப் பந்திக்கு இருக்கலாம் என்று நின்றேன். வீடியோகாரர் ஒயரைச் சுருட்டும்போது அவர் முன்னால் போய் நின்றாள்.

“இன்னும் ஒண்ணு எடுக்கணும். போவாதீங்க.”

“அக்கா, எனக்கு இன்னொரு பங்ஷன் கீதுக்கா. பேஜார் பண்ணாதீங்க.”

“என்னோட தேங்காய விட்டுட்டீங்க. இதையும் விட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

அவர்தான் தம்பி கல்யாணத்துக்கும் எடுத்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். ஒயர் மறுபடி அவிழ்ந்தது.

தங்கை கேள்வியே கேட்காமல் போய்ப் பழைய புடவைக்கு மாறி, பட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் கேட்டதற்கு, “எங்க அண்ணி மயிலு செய்யப் போறாங்க” என்று மட்டும் சொன்னாளாம். துடைத்து ஈரம் காயாத பந்தி மேஜையின் மேல் செய்தித்தாள் விரித்து, எல்லாம் முதலிலிருந்து. கழுத்து என் பொறுப்பு. மடிப்பு பிடிக்க ஆள் போதவில்லை என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். அவர் மடிப்பை அழகாகத்தான் பிடித்தார். ஆனால் வாய் ஓயவில்லை.

“ஜரிகைய நசுக்காத. இவ்ளோ ஊசி குத்துனா பட்டு என்னாத்துக்கு ஆவும்?”

“பேசாம புடிங்க மாமா.”

பெரியப்பாவிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவர் பேசாமல் பிடித்தார்.

வேலை முடிந்தது. லைட்டைப் போட்டு, முன்பக்கம், பக்கவாட்டு, தோகை என்று வீடியோகாரர் எடுத்தார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “போட்டுக் காட்டுங்க” என்றாள். காமிராவின் சின்னக் கண்ணாடியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“கருப்பு வெள்ளையா தெரியுது?”

“இதுல அப்படித்தான்கா. டிவில கலரா வரும்.”

“இன்னொரு வாட்டி.”

மறுபடியும் காட்டினார். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் இல்லை. தங்கை தயங்கிக்கொண்டே, “அண்ணி, இது சாயந்தரம் வரைக்கும் இப்படியே இருக்கட்டுமா?” என்றாள்.

“எதுக்கு? வீடியோல ஏறிடுச்சி. இனிமே அது உன் புடவ. கட்டிக்கோ.”

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். ரசமும் அப்பளமும்தான் மிச்சம் இருந்தன. மயில் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததில் நானும் சாப்பிட்டிருக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு இலைகளை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.