ஊறவைத்து அவித்த மேன்முறையீடு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு இரசாயனம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. ஆங்கிலம் படிப்பிக்கிறவனுக்கு எதையும் எழுதிவிடலாம் என்றொரு திமிர். அதனால்தான் என் மனைவியின் தம்பி தன் மேன்முறையீட்டைத் திருத்தித் தரச் சொன்னபோது, "ஓம், இஞ்ச தாங்க" என்று கையை நீட்டினேன்.

அவன் இரசாயன ஆய்வாளன். உமிச் சாம்பலில் இருந்து சியோலைற்று என்றொரு தூள் செய்கிறான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலையை வேகமாக்கும் ஊக்கியாம். அதன் நுண்துளைகளைப் பெரிதாக்க, உலகமெல்லாம் முதலில் நீராவி கொடுத்துப் பிறகு அமிலத்தில் ஊறவைக்கும். இவன் மாற்றிச் செய்தான்: முதலில் ஊறல், பிறகு நீராவி. இந்தக் கண்டுபிடிப்பு தனக்கே உரியது என்று ஆக்கவுரிமை கேட்டான். துறை தெரிந்த எவருக்கும் தானாகவே தோன்றக்கூடிய மாற்றம் என்று அதைப் பரிசீலித்த அதிகாரி மறுத்துவிட்டார். ஆறு வருட உழைப்பு. மறுநாள் மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள். இதுவும் போனால் அவ்வளவுதான்.

"ஊறவச்சிட்டு ஆவி குடுத்தா தூள் நொறுங்கிரும் எண்டுதான் எல்லாரும் நெனச்சிருந்தாங்க, மச்சான். இது ஒருத்தருக்கும் தோணாத விசயம் எண்டு காட்டணும்."

"அப்ப எனக்கு விளங்கணுமா, விளங்கக் கூடாதா?"

"விளங்கினாத்தானே திருத்தலாம்."

"எனக்கே விளங்கிட்டா, அது ஊருக்கே தோணியிருக்குமே தம்பி?"

தேத்தண்ணியோடு வந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்: "அவன் இங்கிலீசத்தானே திருத்தக் கேட்டான்? ஒங்கட மூளைய ஏன் அதுக்குள்ள போடுறீங்க?"

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும், முன்பு தெரிந்திருந்ததும் மறந்து போனது. விளங்காததை விளங்காதபடியே எழுதினால் வெல்லலாமா, விளங்கும்படி எழுதினால் தோற்போமா? அந்தி சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னர்தான் சம்மாந்துறை அரிசி ஆலை நினைவில் வந்தது. தலைக்குள் விளக்கெரிந்தது. முதல் பக்கத்திலேயே அழகான ஆங்கிலத்தில் எழுதினேன்: 'எங்கள் ஊர்ப்பக்கத்து ஆலைகளில் நெல்லை முதலில் ஊறவைத்து, அதன் பிறகே நீராவியில் அவிப்பார்கள். இந்தக் கண்டுபிடிப்பும் அதைப் போன்றதே.'

நீட்டினேன். அவன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"எப்பிடி? இப்ப நெல்லுக் காயப்போடுறவங்களுக்கும் விளங்குமெல்லா?"

அவன் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் மெதுவாக வெட்டினான்.

"மறுத்தவரும் இதத்தான் சொன்னாரு, மச்சான்."