ஜன்னலோரம் கூட்டாத இடம்

சாயங்காலம் நாலு இருபதுக்கு அது தானாகவே வெளியே வந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து வட்டத் தட்டு மாதிரி நகர்ந்து, ஹாலைக் கூட்டத் தொடங்கியது. அந்த நேரத்தைக் குறித்து வைத்தவர் மட்டும் இப்போது இல்லை.

ஷஃபானாவின் கணவர் ஜெயினுலாபுதீனுக்குக் கேளம்பாக்கம் கூட்ரோட்டில் மொபைல் கடை. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும், முதல் பீஸை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். "நாப்பது நாள் நம்ம வூட்ல ஓடட்டும். அப்புறந்தான் அடுத்தவன் வூட்டுக்கு" என்பார். பேசும் கடிகாரம், கை தட்டினால் எரியும் விளக்கு என்று எல்லாவற்றோடும் இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள் ஷஃபானா. கடைசியாக வந்தது இந்தக் கூட்டுற மெஷின். அது ஓடத் தொடங்கிய முப்பத்தோராம் நாள், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மூன்றாம் நாள் அவர் துணிமணிகளையும், அவர் தொழும் பாயான முசல்லாவையும் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார்கள். ஷஃபானா இத்தாவில் அமர்ந்தாள். நாலு மாசம் பத்து நாள், வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மெஷின் மட்டும் தினமும் அசர் தொழுகை நேரத்துக்கு வந்து வந்து போனது.

அதை முதலில் கண்டது சமையலுக்கு வரும் ஆராயிதான்.

"இன்னாக்கா, எனக்குப் போட்டியா வந்த மகராசி ஒழுங்கா கூட்ட மாட்டேங்குது! ஜன்னலாண்ட பாரு, பாய் அளவுக்குத் தூசி. நானே தள்ளிடட்டா?"

ஷஃபானா பார்த்தாள். மேற்கு ஜன்னலோரம், அவர் முசல்லா விரிக்கும் இடம். சுற்றிலும் தரை பளபளத்தது. நடுவில் மட்டும் நீள் சதுரமாகத் தூசி.

"வேணாம் ஆராயி. இருக்கட்டும்."

இத்தா முடிய இரண்டு நாள் இருக்கையில் மகன் ஜைத் நாவலூரிலிருந்து வந்தான்.

"நாளான்னிக்கு வண்டி சொல்லிட்டேன்மா. வூட்ட காலி பண்ணிட்டு என்னோட வந்துடு."

"அவரைத் தனியா வுட்டுட்டு எப்படிடா வர்றது?"

"அத்தா எங்கம்மா இருக்காரு?"

அவள் தூசியைக் காட்டினாள். ஜைத் போனைத் திறந்து சிரித்தான். "ஐயோ, இதுக்கா? அத்தாவே ஆப்ல இங்க ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்காரும்மா, முசல்லாவை மெஷின் இழுக்கக் கூடாதுன்னு. எடுத்துட்டா கூட்டிடும்."

"அதை எடுத்துடு. நாளைக்கு அது அங்க கூட்டிடுச்சுன்னா, உன்னோட வந்துடறேன்." கூட்டிவிடக் கூடாதே என்று சொன்னாளா, கூட்டிவிட வேண்டுமே என்று சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை.

ஜைத் கட்டத்தை அழித்தான். வீட்டின் பழைய வரைபடத்தையே மொத்தமாக அழித்தான்.

மறுநாள் நாலு இருபது. திரை போட்டிருந்த ஜன்னலை நோக்கி மெஷின் நேராகப் போனது. தூசியின் விளிம்பில் நின்றது. ஒரு சாண் பின்வாங்கியது. பிறகு, தொழுகிறவரின் குறுக்கே போகாத பிள்ளை போல, ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டு போனது.

"கேமரால ஏதோ கோளாறு" என்றபடி ஜைத் புது வரைபடத்தைத் திறந்தான். மெஷின் கண்ட பொருளையெல்லாம் அதில் சின்னச் சின்னப் படமாகக் குறித்திருந்தது. சோபா. செருப்பு. ஃபேன் ஒயர். சோபாவருகே இரண்டு மனித உருவங்கள்: அவனும் அம்மாவும்.

ஜன்னலோரம் மூன்றாவதாக ஒன்று.

ஜைத் போனை அம்மாவிடம் நீட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். பயப்படவில்லை. கண்ணீர்தான் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாவி நான்! முசல்லாவையும் கொடுத்துட்டு, இத்தன நாளும் அவரைத் தூசியில தொழ வெச்சுட்டேனே!"

ஈரத் துணியோடு மண்டியிட்டுத் துடைத்தாள். தரை ஜில்லென்றிருந்தது. நெற்றி படும் இடத்தில் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, இளஞ்சூடு.

கையை எடுக்காமலே சொன்னாள்: "ஜைத், உள்ள என் முசல்லா கீது. எடுத்துட்டு வா."

அவன் எடுத்து வந்து விரித்தான். விரித்தவன் பின்பக்கமாகவே நடந்து கதவோரம் போய் நின்றான். வண்டிக்காரனுக்குப் போன் போட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அண்ணாத்த, நாளைக்கு வண்டி வேணாம்."